பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் எங்கே போனது?

(உள்ளூர் விவசாயம், கால்நடை வளர்ப்பு, உணவைப் பதப்படுத்தும் முறைகள் ஆகியவற்றைச் சமூகக் கல்வியாகக் கொண்டு செல்வது குறித்து, கோலாலம்பூரில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய நண்பர் விலைவாசியைப் பற்றி விரிவாகச் சொன்னார். நான் ஒரு முட்டையிலிருந்து தொடங்குகிறேன். 2022-ஆம் ஆண்டின் கடைசியில் நம் நாட்டில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த டிசம்பரில் கப்பலில் முட்டை வந்து இறங்கியது. எங்கிருந்து வந்தது தெரியுமா? தமிழ்நாட்டு நாமக்கல்லிலிருந்து. 1997 வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த பகுதி அது. சேலம், திருச்சி, தஞ்சை என்று அந்தப் பக்கங்களிலிருந்துதான் நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் கப்பல் ஏறினார்கள். அவர்கள் இங்கே வந்து லயத்து வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு அதே ஊர் முட்டைக்குக் காத்திருந்தோம்.

வெங்காயக் கதையும் உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2024 மே மாதம்தான் அந்தத் தடை நீங்கியது. அதுவரை பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் வெங்காயம் வாங்கியவர்களுக்கு அதன் சூடு தெரியும்.

வீட்டுக்கு நாலு கோழி வளர்த்தால் நாடு தன்னிறைவு அடைந்துவிடும் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. அன்றைக்கு முட்டை குறைந்ததற்குக் கோழி இல்லாதது காரணமல்ல. கோழி தின்னும் சோளமும் சோயாவும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. அவற்றின் விலை ஏறியது. முட்டைக்கோ அரசாங்கம் உச்ச விலை வைத்திருந்தது. பண்ணைக்காரர்கள் உற்பத்தியைக் குறைத்தார்கள். இதை நாலு கோழி தீர்க்காது. ஆனால் என் கேள்வி வேறு. உணவை உண்டாக்கவும், உயிரினங்களை வளர்க்கவும், கிடைத்ததைக் கெடாமல் வைக்கவும் தெரிந்த ஒரு சமூகம், இரண்டே தலைமுறையில் அதை எப்படி மறந்தது? அதை மறுபடி கற்றுக்கொள்ள வழி உண்டா?

கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு விதி இருந்தது. குடும்பத்தோடு இருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்பது அந்த விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 2,720 சதுர அடி. எல்லாத் தோட்டத்திலும் அது ஒழுங்காகக் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். வெள்ளைக்காரனுக்கும் அது தருமமல்ல. தொழிலாளி தன் சோற்றைத் தானே கொஞ்சம் பார்த்துக்கொண்டால் சம்பளத்தை உயர்த்தாமல் இருக்கலாம் என்கிற கணக்கும் அதில் இருந்தது. இருந்தாலும் அந்தத் துண்டு நிலத்தில்தான் நம் பெண்கள் முருங்கை, கத்தரி, பாகல், கீரை என்று போட்டார்கள். ஆடும் மாடும் கட்டினார்கள். சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு ஊருக்குள் போய் ஊற்றிவிட்டு வந்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி இல்லாத நாட்டில் பலருடைய உயிரைப் பிடித்து வைத்தது அங்கே விளைந்த மரவள்ளிக் கிழங்குதான்.

பிறகு என்ன நடந்தது? கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரக் காடுகள் செம்பனை ஆயின; செம்பனைக் காடுகள் வீடமைப்புத் திட்டங்கள் ஆயின. இன்று கோபுரங்களும் பங்களாக்களும் நிற்கும் பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தானே. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துக்குக் கிடைத்தது 650 சதுர அடி அடுக்குமாடி வீடு. தாத்தாவின் காய்கறிப் பாத்தி மட்டுமே இந்த வீட்டைப் போல நாலு மடங்கு! பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்களின் 'நூறு குவார்ட்டர்ஸ்' வரிசைவீடுகளும் போய்விட்டன.

ஒன்று மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயர். கிள்ளான் வட்டாரத்தைப் பாருங்கள். ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஜாலான் ஆக்கோப் தோட்டத் தமிழ்ப்பள்ளி, புக்கிட் ராஜா தோட்டத் தமிழ்ப்பள்ளி. பெயர்ப்பலகையில் தோட்டம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளையிடம் வெண்டைக்காய் செடியில் காய்க்குமா கொடியில் காய்க்குமா என்று கேட்டால் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறது. பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? யார் காட்டினார்கள்?

இனி சமூகக் கல்விக்கு வருகிறேன். இந்தப் பேரில் நம்மிடம் நடப்பது பெரும்பாலும் ஒருநாள் பயிலரங்கு. காலையில் பதிவு, ஒரு பிரமுகர் திறப்புரை, பதினொரு மணிக்கு மீ கோரிங், ஆளுக்கு ஒரு மிளகாய் நாற்று, ஒரு சான்றிதழ், படம். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். நாற்று இருந்த பையில் மழைத்தண்ணீர் நிற்கும். அதில் ஏடிஸ் கொசு முட்டையிட்டிருக்கும். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி அதற்கு அபராதமும் வரும். விவசாயம் படிக்கப் போய் டெங்கிக்கு இடம் கொடுத்த கதையாகிவிடும்.

மிளகாய் நாற்றை நட்டால் முதல் பறிப்புக்கு இரண்டரை மூன்று மாதம் ஆகும். ஆடு சினைப்பட்டால் ஈன ஐந்து மாதம். எலுமிச்சை ஊறுகாய் பக்குவப்பட மூன்று நாலு வாரம். இந்தக் கணக்கை எந்தப் பிரமுகராலும் சுருக்க முடியாது. பாடம் எத்தனை நாள் நடக்க வேண்டும் என்பதைப் பயிரும் ஆடும்தான் சொல்ல வேண்டும். மண்டபத்தை வாடகைக்கு விட்டவர் சொல்லக்கூடாது.

இதற்கு நம் பக்கத்து நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது, ஏனென்றால் புகையானைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளும் மருந்தில் முதலில் செத்தன. 1986-இல் அரசாங்கம் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. 1989-இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் உதவியோடு 'உழவர் வயல்வெளிப் பள்ளி' தொடங்கியது. அங்கே கரும்பலகை கிடையாது. இருபத்தைந்து முப்பது பேர் வாரத்துக்கு ஒருநாள் வயலில் இறங்கி, செடியைப் பார்த்து, பிடித்த பூச்சிகளைப் பெரிய தாளில் வரைந்து, இது நண்பனா எதிரியா என்று பேசி முடிவெடுப்பார்கள். விதைப்பு முதல் அறுவடை வரை வகுப்பு நடக்கும். அந்த முறை பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போனது. தமிழ் மண்ணிலும் ஒன்று சொல்கிறேன். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. செய்து பார்த்துக் கற்றுக்கொள் என்பதுதான் அங்கும் பாடமுறை.

அதே 1974-இல் நம் நாட்டில் துன் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். எண்ணெய் விலை ஏறி, சாமான் விலை ஏறிய நேரம். சும்மா கிடக்கும் நிலத்தில் காய்கறி போடுங்கள் என்று நாடு முழுவதும் சொன்னார்கள். விலை இறங்கியதும் ஆர்வமும் இறங்கிவிட்டது. தட்டுப்பாடு வரும்போது மட்டும் நினைக்கிற கல்வி அப்படித்தான் போகும்.

சரி, நம்மிடம் ஆசிரியர் யார்? பட்டம் பெற்றவர்கள் தூரத்தில் இல்லை. செர்டாங்கில் 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய நிலையம் இருக்கிறது. 1969-இல் அமைந்த மார்டி ஆய்வு நிலையமும் அங்கேதான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் போனால் நெரிசல் இல்லாத நேரத்தில் அரை மணி. ஆனால் அந்த வாசலுக்குள் நம் பாட்டிமார் போனதில்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இயற்கை உரம், வீட்டுத் தோட்டம் என்று தமிழிலும் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறது. மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் அவர்களின் காலத்தில் வேரூன்றிய பணி அது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த அளவுக்குத் தமிழில் நடக்கிறதா என்றால், ஆங்காங்கே நடக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

நான் சொல்லும் ஆசிரியர்கள் வேறு. தோட்டத்தில் பிறந்து, ஆட்டோடும் மாட்டோடும் வளர்ந்து, இன்று எழுபது வயதைத் தொட்ட நம் தாய்மார்களும் ஐயாமார்களும். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு போனால் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? இவர்கள் போனால் அந்தப் பாடப் புத்தகம் திரும்பி அச்சாகாது. அதற்காக அவர்கள் சொல்வதெல்லாம் வேதம் என்றும் நான் சொல்லவில்லை. அனுபவமும் அளவுகோலும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும்.

ஆட்டை எடுத்துக்கொள்வோம். பனி காயுமுன் ஆட்டை அவிழ்க்காதே என்பார்கள் பழைய ஆட்கள். கேட்பவர்கள் சளி பிடிக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மைக் காரணம் குடற்புழு. புழுவின் குஞ்சுகள் ஈரமான புல்லில் மேலே ஏறி நுனியில் இருக்கும். ஆடு நுனிப்புல்லைத்தானே கடிக்கும். நம் நாட்டு ஈரத்தில் ஆட்டுக்கு முதல் எதிரி இந்த இரத்தம் உறிஞ்சும் புழுதான். அதே ஆட்கள் ஆட்டின் கீழ் இமையைப் புரட்டிப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் ஆட்டுக்கு இரத்தம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் இதையே 'ஃபமாச்சா' என்று ஒரு வண்ண அட்டையாக்கினார்கள். இமையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்க வேண்டும். எல்லா ஆட்டுக்கும் கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். நம் ஐயா கண்ணால் பார்த்ததை அட்டை ஐந்து படியாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஐயாவுக்குத் தெரியாததும் உண்டு. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலிவு, மாட்டுக்கு நல்ல தீனி. அதையே செம்மறி ஆட்டுக்கு நிறையக் கொடுத்தால் அதிலுள்ள செம்புச் சத்து ஈரலில் சேர்ந்து, ஆடு திடீரென்று சாகும். பால்மரக் காலத்தில் இந்தப் புண்ணாக்கு கிடையாது, அனுபவமும் கிடையாது. இங்கே கால்நடைத் துறை அதிகாரி வந்து பேச வேண்டும்.

உணவைப் பதப்படுத்துவதில் இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டுச் சமையல் புத்தகத்தைப் பார்த்து இங்கே வடகம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் வெயிலில் காயவிடவும் என்று அதில் எழுதியிருக்கும். அது சித்திரை வெயில் அடிக்கும் மதுரைக்கு எழுதியது. இங்கே காற்றில் ஈரம் எண்பது விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு மழை. மேலே காய்ந்து உள்ளே ஈரமாயிருக்கும் வடகத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தட்டிவிட்டு மறுபடி காயவைத்தால் போச்சு என்பார்கள். போகாது. நிலக்கடலை, மிளகாய், தானிய மாவு இவற்றில் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது சமையல் சூட்டுக்கும் முழுதாக அழியாது. 1988-இல் பேராக்கில் 'லோ ஷி ஃபன்' நூடுல்ஸ் சாப்பிட்டு 13 பிள்ளைகள் இறந்தார்களே, அந்த விசாரணையில் அஃப்ளாடாக்சினும் போரிக் அமிலமும் பேசப்பட்டன. ஆகவே இந்த நாட்டில் வடகத்தைச் சிறிதாக, மெல்லிசாகப் பிழிய வேண்டும். மழை படாத பிளாஸ்டிக் கூரைக்கு அடியில், காற்று ஓடும் வலைத்தட்டில் காயவைக்க வேண்டும். ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், வளையக்கூடாது.

ஊறுகாய்க்கு வருவோம். எண்ணெய் மிதந்தால் கெடாது என்பது நம் நம்பிக்கை. எண்ணெய் காற்றைத்தான் தடுக்கும். காற்றில்லாத இடத்தில்தான் பொட்டுலினம் என்ற கிருமி நஞ்சு கக்கும். 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் போட்டு வைத்த பூண்டினால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். எலுமிச்சை ஊறுகாய் நம்மைக் காப்பாற்றுவது அதன் புளிப்பும் உப்பும். புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி தலையெடுக்காது. எலுமிச்சைக்குக் கவலையில்லை. பூண்டு, காய்கறி, இறைச்சி ஊறுகாய்க்குத்தான் புளியோ வினிகரோ போதுமா என்று அளந்து பார்க்க வேண்டும். நானே முன்பு பூண்டு ஊறுகாய் போட்டு, மூடி உப்பி, திறந்ததும் நுரை பொங்கி, பாட்டிலோடு குப்பையில் போட்டிருக்கிறேன். யாருக்கும் கொடுக்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். எழுபத்திரண்டு வயது அம்மா ஒருவர் எலுமிச்சை ஊறுகாய் செய்து காட்டினார். உப்பு எவ்வளவு அம்மா என்றால், கைப்பிடி என்றார். எந்தக் கைப்பிடி? என் கைப்பிடி! சமையல் தராசைக் கொண்டுவந்து அவர் கையால் அள்ளிய உப்பை நிறுத்தோம். மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே எடை. பக்கத்திலிருந்த இளம்பெண் மூன்று தடவை அள்ளினார். மூன்றும் மூன்று விதம். அம்மாவின் கையில் ஐம்பது வருடத் தராசு இருந்தது. அதை எண்ணாக மாற்றி எழுதியபோது, நூறு கிராம் எலுமிச்சைக்கு உப்பு பதினெட்டு கிராம் என்று வந்தது. இப்போது அந்த இளம்பெண் அதே ஊறுகாயைச் செய்கிறார்.

இந்த எண் எதற்கென்று கேட்பீர்கள். விற்க வேண்டுமே! தனித்து வாழும் தாய்மார் எத்தனையோ பேர் வீட்டிலேயே ஊறுகாய், பொடி, முறுக்கு செய்து விற்கிறார்கள். 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் அதன் விதிமுறைகளும் வீட்டுச் சமையலறைக்கு வராது என்று நினைப்பது தவறு. உணவு கையாளுபவர் பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி, பாட்டிலில் உட்பொருள், எடை, முகவரி, காலாவதித் தேதி எல்லாம் வேண்டும். பயிற்சி பெரும்பாலும் மலாயில்தான் நடக்கும். பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பாட்டியும் தேறுவார். அந்த ஏற்பாட்டைச் செய்வதும் சமூகக் கல்விதான்.

கடைசியாக நிலம். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆற்றோரம், மின்கம்பித் தடம், காலி அரசாங்க நிலம் என்று பயிர் வைப்பார்கள், மாட்டுக்கொட்டகை போடுவார்கள். இருபது வருடம் ஆகிவிட்டது, எவனும் கேட்கவில்லை என்பார்கள். ஒருநாள் இயந்திரம் வந்து நிற்கும். கையில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் இருப்பவர்கூட அது என்னவென்று படித்ததில்லை. தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த உரிமம் அந்தந்த ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது. பெற்றவர் இறந்தால் உரிமமும் இறந்துவிடும், மகனுக்குப் போகாது. அப்பா பேரில் இருக்கிறது என்று மகன் பயிர் வைத்தால் சட்டத்தின் கண்ணில் அவர் அத்துமீறியவர். மிளகாய்க்கு உரம் வைக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் இந்த ஒரு தாளை வாசிக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தனி ஆளாகப் போவதைவிடக் குழுவாகப் போவது மேல். பங்சாரில் மின்கம்பித் தடத்து நிலத்தில் 2017-இல் அக்கம்பக்கத்தார் சேர்ந்து 'கெபுன்-கெபுன் பங்சார்' என்ற சமூகத் தோட்டத்தை உருவாக்கினார்கள். காய்கறியோடு ஆடு கோழியும் வளர்த்தார்கள். வசதியுள்ள வட்டாரம், எழுதப் பேசத் தெரிந்தவர்கள், அதனால் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. அவர்களுக்கும் எதிர்ப்பும் அதிகாரிகளின் நெருக்குதலும் வராமல் இல்லை. தாளும் ஆளும் இருந்ததால் நின்று பேச முடிந்தது. நம் அடுக்குமாடிகளில் குடியிருப்பாளர் சங்கம் இருக்கிறது, கோயில் நிர்வாகம் இருக்கிறது, பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. கூட்டம் போடத் தெரியாதவர்களா நாம்? கோழி கட்டுவதற்கு முன் உங்கள் நகராண்மைக் கழகத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் அது கிடையாது. கறிவேப்பிலை, கீரை, மிளகாயை யாரும் தடுக்கப் போவதில்லை.

ஆகவே தோட்டம் என்ற பெயரைச் சுமக்கும் பள்ளிகளின் பெற்றோரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், பள்ளி வளாகத்தின் ஒரு மூலையைக் கேளுங்கள். ஒரே ஒரு பயிர், நட்டது முதல் பறித்தது வரை. பதினாலு வாரம் போதும். பிள்ளையோடு பாட்டியையும் அழைத்து வாருங்கள்; பாட்டி பார்வையாளராக அல்ல, ஆசிரியராக வரட்டும். பறித்ததில் பாதியைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு போகட்டும், மீதியை மோர்மிளகாய் போடட்டும். எங்கள் வகுப்பிலும் அடுத்து மோர்மிளகாய்தான். அந்த எழுபத்திரண்டு வயது அம்மா இந்த முறை தராசைத் தானே கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.